கை தெரியும் தூரம்

விரல்களை விரித்து முகத்துக்கு முன்னால் வேகமாக ஆட்டுகிறேன். ஃபோன் திரையில் ஐந்து விரலும் கரைந்து ஒரு வாழைப்பூ ஆகிவிடுகிறது. நிறுத்தினால் ஐந்து. ஆட்டினால் வாழைப்பூ. இப்போது சுட்டுவிரலை மட்டும் நீட்டி எதிரே காட்டுகிறேன், நீ. உடனே நெஞ்சைத் தொடுகிறேன், நான். விரல் போன வழியெல்லாம் சாம்பல் நிறத்தில் புகை. நீயும் தெரியவில்லை, நானும் தெரியவில்லை, புகை மட்டும் தெரிகிறது. இந்தப் பீஸ் ரிஜெக்ட். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெண், நான் யாருக்கோ டாட்டா காட்டுவதாக நினைத்துத் தானும் லேசாகக் கையசைக்கிறாள். சட்டையில் ஷமீமா என்று பெயர்ப்பட்டை. அடர்த்தியாக உதட்டுச்சாயம் பூசியிருக்கிறாள், கடவுள் அவளை நன்றாக வைக்கட்டும், காது கேட்காதவளுக்கு உதட்டுச்சாயம் போட்ட வாய் பெரிய எழுத்துப் புத்தகம். "புடிச்சிருக்குங்களா மேடம்?" இல்லை என்று தலையசைக்கிறேன். பக்கத்தில் நிற்கும் அண்ணனின் வாய் மீசைக்குள் இருக்கிறது, ஆனாலும் சின்ன வயதிலிருந்து படித்துவரும் மீசை. "என்ன அம்மிணி, கையையே ஆட்டிட்டு நிக்கற? பின்னால கேமராவப் பாரு. அம்பது மெகாபிக்சலு. எறும்பு போனாக்கூட மீச தெரியும்." என்னிடம் பேசும்போது அண்ணன் எப்போதும் கத்துகிறார். அது கழுத்து நரம்பில் தெரியும், கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பதில் தெரியும். எறும்பின் மீசை எனக்கு எதற்கு. இன்று மதியம் நாகர்கோவிலிலிருந்து தாணு கூப்பிடப்போகிறான். அவனும் என்னைப் போலக் காது கேட்காதவன். அவனிடம் நான் பேச வேண்டும், என் பேச்செல்லாம் கையில் இருக்கிறது, கை கரைந்தால் என்ன மிச்சம். பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. ஒரு பனியனை எடுத்தால் கை தானாகக் கழுத்துப்பட்டியில் ஆரம்பிக்கும், பிறகு தோள், கைக்குழி, பக்கத் தையல், அடிமடிப்பு. குறை இருக்கிற இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். துவைத்தால் போகிற கறை மைனர். ஊசி விட்டுப்போன ஓட்டை மேஜர், பெட்டிக்குள் போகாது. இந்த எறும்பு ஃபோனின் முகத்தில் ஒரு அம்பை ஒட்டி அண்ணன் கையில் கொடுக்கலாம் போல இருக்கிறது.

ஷமீமா அடுத்த ஃபோனை எடுக்கக் குனிகிறாள். அந்த நேரத்துக்குள் போன ஞாயிறு வந்துவிடுகிறது, இந்த வாரம் முழுக்க இப்படித்தான், கொஞ்சம் இடம் விட்டால் போதும், போன ஞாயிறு வந்து உட்கார்ந்துகொள்கிறது. காது கேளாதோர் சங்கத்து ஆட்கள் மூலம் வந்த வரன். எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மா, அண்ணன், நான். அங்கே தாணு, அவன் அக்கா. அண்ணனுடைய ஃபோனில் வீடியோ. அவர்கள் பக்கத்தில் அக்காக்காரி ஃபோனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள், அதனால் தாணு இடுப்பு வரை தெரிந்தான், இரண்டு கையும் முழுசாகத் தெரிந்தன. அவன் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறவன். ஆறிப்போன அடுப்புக்குள் ஒரு பூனை போய்த் தூங்கிய கதையைச் சொன்னான். காலையில் கதவைத் திறந்ததும் பூனை மாவு மூட்டை மேல் பாய்ந்து, வெள்ளையாக எழுந்து, வாசலில் நின்ற முதலாளியைப் பார்த்து வாயைத் திறக்க, முதலாளி பேய் என்று கும்பிட்டு விழுந்தாராம். பூனையும் அவனே, முதலாளியும் அவனே, மாவு மூட்டையும் அவனே. ஒரு கை பூனையாக இருக்கும்போதே மறு கை முதலாளியின் நடுங்கும் தொடையாக இருந்தது. வார்த்தையை இப்படிச் சிக்கனமாக வைக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. சங்கத்தில் சிலர் பேசினால் சட்டி பானையை உருட்டுகிற மாதிரி இருக்கும். இவன் கை ஒரு இடத்துக்குப் போகிறது, சொல்கிறது, திரும்பிவிடுகிறது. நான் சிரித்தேன். பிறகு நான் பேசினேன். எவ்வளவு பேசினேன்! கழுத்து ஓட்டையைத் தைத்து மூடிவிட்ட ஒரு பனியனை எங்கள் சூப்பர்வைசர் போட்டுப் பார்க்கிறேன் என்று மாட்டிக்கொண்டு மேஜைக்கு மேஜை முட்டிய கதை. அதற்குப் பிறகு இன்னொன்றும் சொன்னேன், கதை இல்லை, அதை இப்போது நினைக்க வேண்டாம். அம்மா அண்ணனிடம், மொகம் நல்லாத் தெரியற மாதிரி புடி என்று சொல்லியிருக்கிறாள். அண்ணன் என் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் ஃபோனைப் பிடித்திருந்தார். நம் படம் ஒரு மூலையில் சின்னதாகத் தெரியும் அல்லவா, அந்த மூலையின் மேல் அவர் கட்டைவிரல். என் முகம் மட்டும் நாகர்கோவிலுக்குப் போயிருக்கிறது. கை எதுவும் போகவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் கேட்கிறார், "நீ ஏன் கம்முனு உக்காந்திருந்த? பொண்ணு ஒண்ணுமே பேசலியே, இஷ்டமில்லியோன்னு அவுங்க அக்கா கேக்குது." அம்மா சொந்தக்காரர்களுக்கு அனுப்பச் சொல்லி, நான் பேசும்போது ஃபோனில் எடுத்திருந்த படத்தைப் பார்த்தேன். பௌடர் பூசிய முகம், தூக்கிய தோள், வாய் பாதி திறந்து. தண்ணீரில் மூழ்குகிறவள் கழுத்து வரை.

"இதப் பாருங்க மேடம். இது மேல்மட்டமும் இல்ல, ரொம்பக் கீழயும் இல்ல. நடுத்தரம்." நடுத்தரம், சரி, நானும் அதுதான். கனம் கையில் நன்றாக உட்காருகிறது, ஓரம் குத்தவில்லை, கழுத்துப்பட்டி சரி. முன் கேமராவைத் திறக்கிறேன். யாரோ ஒரு சினிமாக்காரி என்னைப் பார்க்கிறாள். முகம் வழித்து எடுத்த வெண்ணெய், கன்னத்துப் பரு இல்லை, நெற்றியில் ஒரு கோடு இல்லை. "பியூட்டி மோடு தானாவே வந்துரும், சும்மா தகதகன்னு இருக்கீங்க," என்கிறாள் ஷமீமா. அண்ணனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "இத எடுத்துக்க அம்மிணி. மாப்ள அப்பிடியே விழுந்துருவாரு." விழுவான், எழுந்து, இவள் என்னைக் கேட்டாளா சொன்னாளா என்று தெரியாமல் முழிப்பான். புருவத்தைத் தூக்குகிறேன், நெற்றி சுருங்கவில்லை. எங்கள் பேச்சில் கேள்விக்குறி புருவத்தில் இருக்கிறது. சாப்பிட்டாயா என்பதற்கும் சாப்பிட்டாய் என்பதற்கும் கை ஒன்றுதான், புருவம்தான் வேறு. புருவத்தை இஸ்திரி போட்டுவிட்டால் நான் எதைக் கேட்டாலும் சொன்னதாகவே போய்ச் சேரும். கட்டிக்கொள்வாயா என்று கேட்டால் கட்டிக்கொள்வாய் என்று ஆணையிட்ட மாதிரி. சிரிப்பு வருகிறது, வெண்ணெய் முகமும் சிரிக்கிறது. பியூட்டியை அணைக்கிறேன். பரு வந்தது, கோடு வந்தது, புருவம் வந்தது, வாடி வசுமதி. அண்ணன் முகம் சுருங்குகிறது, அது எந்தக் கேமராவும் இல்லாமலே தெரிகிறது. கையை ஆட்டுகிறேன். ஐந்து! வேகமாக. ஐந்து! ஓரத்தில் லேசாகக் கரைகிறது, ஆனால் எண்ணலாம். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஒரு ஃபோனுக்கு இப்படியா என்று இருக்கிறது, ஃபோனுக்கு இல்லை என்றும் தெரிகிறது. இரு, அவசரப்படாதே, கழுத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறவள் செக்கர் இல்லை. கையைப் பக்கவாட்டில் நீட்டுகிறேன். கை காணாமல் போகிறது. மணிக்கட்டோடு வெட்டிய மாதிரி. இன்னொரு முறை. காது வரை கை இருக்கிறது, காதைத் தாண்டினால் மூடுபனி. ஐயோ, என்ன இது. ஷமீமா என் முகத்தைப் பார்த்துவிட்டு எட்டிப் பார்க்கிறாள். "அது பின்னணி மங்கலா தெரியறதுக்கு மேடம். நம்மள மட்டும் தெளிவாக் காட்டும்." நம்மளை மட்டும். என் கை என்னைச் சேர்ந்தது இல்லை என்று இந்த ஃபோன் முடிவு செய்திருக்கிறது. கடையின் அலமாரி, ஓடும் விசிறி, அண்ணனின் சட்டைப்பை, என் வலது கை, எல்லாம் பின்னணி. அணைக்க முடியுமா என்று விரலால் கேட்கிறேன், ஷமீமா எங்கேயோ உள்ளே போய் ஒரு பொத்தானைத் தள்ளுகிறாள், கை திரும்பி வந்து தோளில் ஒட்டிக்கொள்கிறது. மைனர். துவைத்தால் போகிற கறை. ஆனால் தானாக மறுபடி வந்துவிட்டால்? மதியம், நடுப்பேச்சில்? மைனர்தான். மைனர் என்று வைத்துக்கொள்வோம்.

வெளிச்சம். அதைப் பார்க்க வேண்டும். துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்து ஃபோனையும் உள்ளே வைத்து மூடிக்கொள்கிறேன். அண்ணன் முழங்கையில் இடிக்கிறார், எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அர்த்தம், பார்க்கட்டும். துணிக்குள் என் மூச்சு சூடாக இருக்கிறது. படிக்கும்போது எங்கள் காது கேளாதோர் பள்ளி விடுதியில் மின்சாரம் போனால் இப்படித்தான். காது கேட்கிறவர்களுக்கு விளக்குப் போனால் விளக்கு மட்டும்தான் போகும், எங்களுக்கு வாயும் போய்விடும். ஒரு பெண் ஒரு ரகசியத்தைப் பாதி சொல்லிக்கொண்டிருப்பாள், இருட்டு, அவ்வளவுதான், மீதி அவள் கையிலேயே நின்றுவிடும். பிறகு ஒருத்தி உள்ளங்கையில் ஒருத்தி விரலால் எழுதுவோம். கூச்சத்தில் நெளிந்து எழுத்து கலைந்து மறுபடி முதலிலிருந்து. இங்கே துப்பட்டாவுக்குள் திரையில் என் கை மணல்மணலாக இருக்கிறது, அசைவு ஒரு இழை பின்தங்குகிறது, ஆனால் இருக்கிறது. எண்ண முடிகிறது. அவன் அடுப்பறை எவ்வளவு வெளிச்சமோ. அது அவன் ஃபோன் பார்த்துக்கொள்ள வேண்டியது. துணியை விலக்குகிறேன், ஷமீமா சிரிப்பை உதட்டுக்குள் பூட்டிக்கொண்டிருக்கிறாள். "ஸ்பீக்கரு பாருங்க, ரெண்டு பக்கமும் சத்தம் வரும்," என்று ஒரு பாட்டைப் போட்டு, போட்ட பிறகுதான் யாருக்குப் போடுகிறோம் என்று நினைவு வந்து, கண்ணை மூடிக்கொள்கிறாள். பாவம். நான் ஃபோனின் முதுகில் உள்ளங்கையை வைக்கிறேன். கீழே ஒரு மேளக்காரன் இருக்கிறான், மேலே ஒரு வண்டு பறக்கிறது. நல்ல பாட்டுதான் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறேன், அவளுக்கு முகம் மலர்கிறது. அடுத்து அதிர்வு. ஃபோனில் ஒரு நிமிஷ அலாரம் வைத்து, என் கைப்பைக்கு அடியில் தள்ளி, பை மேல் கன்னத்தைச் சாய்த்துக் காத்திருக்கிறேன். ஈ சிறகடிப்பது போல என்னவோ வருகிறது. இதை நம்பித் தூங்கினால் காலை ஷிப்ட்டுக்குப் போக முடியாது. என் பழைய ஃபோன் தலையணைக்கு அடியில் பன்றிக்குட்டி மாதிரி முட்டும், அந்த ஒரு குணத்துக்காகவே அதன் புகை படிந்த கேமராவை இத்தனை நாள் பொறுத்துக்கொண்டேன். மேஜர்? பனியனாக இருந்தால் மேஜர். பெட்டிக்குள் போகாது. ஆனால் ஒரே பீஸில் எல்லாம் சரியாக இருந்ததை நான் எப்போது பார்த்திருக்கிறேன். தாணுவிலும் இருக்கும். அவன் எழுத்து எப்படி? நான் பேசினேன், கை தெரியவில்லை, என்று அன்று ராத்திரியே எழுதி அனுப்பினேன். சரி சரி என்று பதில், பக்கத்தில் ஒரு கும்பிடு. சரி சரி என்றால் நம்புகிறேன் என்றா, விடு என்றா. மறுநாள், சாப்பாடு நீங்க ஆச்சா நீ. நீயும் நீங்களும் ஒரே வரியில். சைகையில் இந்த வம்பு இல்லை, விரலை நீட்டினால் அவ்வளவுதான், நீயும் அதுவே நீங்களும் அதுவே. எழுத்து எங்கள் இரண்டு பேருக்கும் இரவல் சட்டை, அவனுக்குக் கை நீளம், எனக்குத் தோள் தொங்குகிறது. எழுத்தில் பார்த்தால் அவன் அசடு. கையில் பார்த்தால் நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். என்னை அவன் எழுத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். எழுத்திலும், பௌடர் முகத்திலும்.

"அவங்க சிம்ம இதுல போட்டுப் பாக்கட்டும்ணா, இது எங்க டெமோ பீஸ்தான்," என்று ஷமீமா அண்ணனிடம் சொல்கிறாள். சிம் மாறுகிறது, வாட்ஸப் மாறுகிறது, வெளியே குமரன் ரோட்டின் எதிர்ப்பக்கம் ஜான்சி நிற்கிறாள். என்னோடு செக்கிங்கில் இருப்பவள், அவளுக்கும் கேட்காது. கண்ணாடி வழியாக வாடி என்று கூப்பிட்டதற்கு, கரும்புச்சாறு குடித்துவிட்டு வருகிறேன் என்று பேருந்துகளுக்கு மேலாகச் சொல்லிவிட்டு நின்றவள். ரோட்டைத் தாண்டிக் கத்தாமல் பேசுகிற வசதி ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது. அங்கேயே நில், ஃபோனை எடு என்று சொல்கிறேன். எடுக்கிறாள். இப்போது எனக்கு இரண்டு ஜான்சி. கண்ணாடிக்கு அப்பால் கட்டைவிரல் அளவு ஒருத்தி, திரையில் உள்ளங்கை அளவு ஒருத்தி. சின்ன ஜான்சி தம்ளரைக் கடைக்காரர் வண்டியில் வைக்கிறாள். அவள் கையை எடுத்த பிறகு பெரிய ஜான்சி வைக்கிறாள். ஒரு கண் சிமிட்டும் நேரம். நிஜத்துக்கும் படத்துக்கும் நடுவில் அவ்வளவுதான் இடைவெளி. எனக்குத் தலை கிறுகிறுக்கிறது, சந்தோஷத்திலா என்று தெரியவில்லை, நிஜ ஜான்சியைப் பார்த்தால் என்ன சொல்லப்போகிறாள் என்று திரை ஜான்சிக்கு முன்பே தெரிந்துவிடுகிறது, நான் ஏதோ ஜோசியக்காரி மாதிரி. "கை தெரிகிறதா?" என்கிறேன். "கை தெரிகிறது, கைக்குப் பின்னால் உன் அண்ணன் தொப்பையும் தெரிகிறது," என்கிறாள் சைகையில். "பேச்சு புரிகிறதா? வேகமாகப் பேசுகிறேன், பார்." பேருந்து ஒன்று நடுவில் வந்து சின்ன ஜான்சியை மறைக்கிறது, பெரிய ஜான்சி மறையவே இல்லை. "எல்லாம் புரிகிறது. உன் மாப்பிள்ளை பாவம். போன வாரம் ஊமையைப் பார்த்தான், இந்த வாரம் ரேடியோவைப் பார்க்கப்போகிறான்." "வாயை மூடு." "என் கையைப் பிடித்து மூடு பார்ப்போம்." ஒரு கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையாலேயே இவ்வளவு கிண்டல். பிறகு அவள் முகம் மாறுகிறது, இரண்டு இடத்திலும் மாறுகிறது, முதலில் ரோட்டில், பிறகு திரையில். "வேலை விஷயத்தை இன்றைக்கு மறுபடி சொல்வாயா?"

நினைக்க வேண்டாம் என்று வைத்தது அதுதான். ஜான்சி ஃபோனை வைத்துவிட்டு அடுத்த தம்ளர் வாங்குகிறாள், நான் அந்தக் கேள்வியோடு நிற்கிறேன். பனியன் கதை முடிந்த பிறகு, அந்தச் சிரிப்பு சூட்டிலேயே, போன ஞாயிறு நான் சொன்னேன்: நான் வேலையை விடமாட்டேன். நாகர்கோவிலில் எனக்குச் செக்கிங் டேபிள் கிடையாது, அதனால் நீ இங்கே வா. அம்மா பக்கத்தில் இருந்தாள், அண்ணன் ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தார், இரண்டு பேருக்கும் அது புரியவில்லை, இரண்டு பேரும் திரையில் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன் என்கிற தைரியத்தில் அன்று பத்து நிமிஷம் இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. தாணு தலையை ஆட்டினான்கூட! மரியாதைக்கு ஆட்டியிருக்கிறான். தோள் ஆடுகிற ஒரு பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்து வேறு என்ன செய்வான். கல்யாணமானால் பெண் நாகர்கோவில் போவாள் என்று இரண்டு வீட்டிலும் பேசாமலே முடிவாகியிருக்கிறது, பேசாமலே, அந்த வார்த்தையைப் பார். ஒரு முறை சொன்னதை இன்னொரு முறை சொல்ல ஏன் இவ்வளவு பயம். முதல் தடவை வாயிலிருந்து விழுந்த மாதிரி கையிலிருந்து விழுந்தது. இந்தத் தடவை எடுத்து வைக்க வேண்டும், கை தெரிகிறதா என்று பார்த்து, ஒவ்வொரு விரலும் தெரிகிற வெளிச்சத்தில். கை தெரியாமல் போனதே ஒருவகையில் நல்லது என்று இந்த வாரம் ஒரு நாள் தோன்றியது. உடனே வெட்கமாக இருந்தது. அப்படியே விட்டுவிடலாம். முகத்தைக் காட்டு, சிரி, போ. காலையில் அவன் பேக்கரிக்குப் போவான், நான் அவன் அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பேன், புதுவாய், புதுத்தமிழ், படிக்கவே ஒரு வருஷம் ஆகும். இங்கே என்றால் டேபிள் முழுக்க எங்கள் ஆட்கள். மெஷின் ஓடும் அதிர்வு மேஜை வழியாக முழங்கைக்கு வரும், எங்கள் கைக்கு நடுவில் பனியன் போகும், பேச்சும் போகும், சூப்பர்வைசரைத் திட்டினாலும் அவருக்குத் தெரியாது. அதை விட்டுவிட்டு? மாட்டேன். அவன் மாட்டேன் என்று சொன்னால்? பூனையும் முதலாளியும் மாவு மூட்டையும் அவனோடு போய்விடும். அந்தக் கையை வேறு யாரோ ஒருத்தி தினமும் பார்ப்பாள். அவளுக்கு அது எவ்வளவு சிக்கனம் என்று தெரியுமா. ஷமீமா ஏதோ கேட்கிறாள், கறுப்பா நீலமா. நீலம் என்கிறேன். சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் என்று கேட்க நினைத்தேன், சூடாகுமா என்று கேட்க நினைத்தேன், ஜான்சியோடு பேசியதற்கே முதுகு வெதுவெதுப்பாக இருந்தது, அது ஒரு அம்பு. மைனரா மேஜரா என்று யோசிக்கும்போதே கவுண்டர் கண்ணாடியில் ஊன்றியிருந்த என் முழங்கைக்குள் ஒரு ஈ நுழைகிறது.

தாணு. மதியம் வரை பொறுக்கவில்லை. திரையில் அவன் பெயரும் வட்டத்துக்குள் அவன் படமும். இப்போதா, இங்கேயா, ரோட்டோரக் கடையில், துப்பட்டா தலையைக் கலைத்துவிட்ட கோலத்தில். நான் கையை நீட்டுவதற்குள் அண்ணன் ஃபோனை எடுத்துவிட்டார், பழக்கம், வீட்டில் எந்த ஃபோன் அடித்தாலும் அவர்தான் எடுப்பார். எடுத்து, ஒரு வணக்கம் போட்டு, "மாப்ளே, இதோ கொடுக்கறேன்," என்று கேட்காதவனிடம் கடை அதிரக் கத்தியிருக்க வேண்டும், இரண்டு பேர் திரும்பினார்கள், பிறகு திருப்பி என் முகத்துக்கு நேரே பிடிக்கிறார். ஒரு முழம். அதே ஒரு முழம். அதே கட்டைவிரல், அதே மூலை. நான் முதலில் அவர் கட்டைவிரலை விலக்குகிறேன். அடியில் வெறும் முகம், தாடையோடு வெட்டுப்பட்டு. அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளுகிறேன். தள்ளிக்கொண்டே போகிறேன். முழங்கை நேராகிறது. "என்ன அம்மிணி, நா என்ன ஸ்டேண்டா?" ஷமீமா திரும்பி நின்று சிரிக்கிறாள், முதுகு குலுங்குகிறது. ஆமாம், ஸ்டேண்டுதான், அசையாதே என்று உள்ளங்கையைக் காட்டுகிறேன், அது அவருக்குத் தெரிந்த சைகை. மூலையில் இப்போது என் இடுப்பு தெரிகிறது. இரண்டு கை தெரிகிறது. தாணு பார்த்துக்கொண்டே இருக்கிறான். அடுப்பறைதான், மஞ்சள் விளக்கு, முழங்கை வரை மாவு. "வீட்டு ஆட்கள் வருவதற்கு முன்னால் உன்னிடம் பேசலாம் என்று கூப்பிட்டேன்," என்கிறான். மாவு பூசிய விரல் இருட்டில் இன்னும் நன்றாகத் தெரிகிறது. "இது என்ன இடம்?" "ஃபோன் கடை. இந்த ஃபோனை வாங்கலாமா என்று பார்க்கிறேன்." "கை தெரிகிறது!" என்கிறான். "போன வாரம் உன் தோள் மட்டும் ஆடியது. அக்கா வெட்கம் என்றாள். நான் பேன் கடிக்கிறது என்றேன்." "உன் தலையில்தான் பேன்." "இது பேன் இல்லை, மாவு." நான் சிரிக்கிறேன், நெற்றியெல்லாம் சுருங்க. அவன் புருவம் மேலே போகிறது, கேள்வி. "அன்றைக்கு அவ்வளவு நேரம் என்ன சொன்னாய்?"

பனியன் கதையைச் சொல்லலாம். அது நல்ல கதை, அவன் சிரிப்பான், நேரம் போய்விடும், மாவு உப்பிவிடும், போய்விடுவான். கை பனியனை எடுக்கக்கூடப் போனது. கழுத்துப்பட்டி வரை போய் நின்றுவிட்டது. அண்ணன் என்னையே பார்க்கிறார், போன வாரம் திரையைப் பார்த்தவர், இந்த வாரம் கை நீட்டிப் பிடித்திருப்பதால் வேறு எங்கும் பார்க்க முடியாது. வேலை என்கிற சைகை அவருக்குத் தெரியும். மாட்டேன் என்பது இன்னும் நன்றாகத் தெரியும், சின்ன வயதிலிருந்து அதிகம் பார்த்தது அதைத்தான். நான் சொல்கிறேன். "நான் வேலையை விடமாட்டேன்." வேகமாகச் சொல்லவில்லை. "நாகர்கோவிலில் எனக்கு வேலை இல்லை. கல்யாணம் என்றால் நீ இங்கே வா." கையை இறக்கிவிட்டேன். அண்ணனுக்குப் புரிந்துவிட்டது, கண் என் கையிலிருந்து முகத்துக்கு ஏறுகிறது. அவர் கண்ணைப் பார்க்காமல் திரையைப் பார்க்கிறேன், தாணு அசையவில்லை. உறைந்துவிட்டதா, படம் நின்றுவிட்டதா, இந்த ஃபோனின் குறையா, நாகர்கோவில் ஃபோனின் குறையா, ஐயோ, போய்ச் சேர்ந்ததா இல்லையா. அவனுக்குப் பின்னால் அடுப்பு வாயிலிருந்து ஆவி எழுகிறது. எழுந்துகொண்டே இருக்கிறது. படம் நிற்கவில்லை, அவன்தான் நிற்கிறான். ஃபோன் சரி. ஃபோனில் ஒரு குறையும் இல்லை. அவன் இரண்டு கையையும் உடுப்பில் துடைத்துக்கொள்கிறான், மெதுவாக, ஒவ்வொரு விரலாக, பெரியதாக ஏதோ சொல்லப்போகிறவன் மாதிரி. "அந்த ஊரில்," என்கிறான், புருவம் மேலே போகிறது, "பன் தின்பார்களா?"

தின்பார்களாவா. தின்பார்களாவா! என்ன கேள்வி கேட்கிறான் இந்த மனுஷன். எங்கே ஆரம்பிப்பது, இந்த ஊரில் தெருமுனைக்குத் தெருமுனை பேக்கரிதானே, ஷிப்ட் விட்டதும் கம்பெனி கம்பெனியாக ஜனம் வந்து நிற்கும், கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன் இருக்கும், வெண்ணெய் பன் இருக்கும், தட்டு வைக்கிற நேரத்துக்குள் தட்டு காலி. பஸ் ஸ்டாண்டு இங்கே என்று இடது கையால் ஒரு இடம் வைக்கிறேன், ரயிலடி இங்கே, அவினாசி ரோடு இப்படிப் போகிறது, இதில் ஒரு பேக்கரி, இதில் ஒன்று, எங்கள் கம்பெனி வாசலில் ஒன்று, அங்கே மாவு பிசைகிறவர் போன மாதம் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை, முதலாளி ஒவ்வொருவரிடமும் ஆள் இருக்கிறதா என்று கேட்கிறார், அந்த முதலாளியின் நடை எப்படி என்றால் இப்படி. தாணு சிரிக்கிறான், இன்னும் என்கிறான், இன்னும். ஊர் பெரிதாகிக்கொண்டே போகிறது, மூலைப் படத்துக்குள் அடங்கவில்லை, ஒரு கை பழங்கரைக்குப் போய்விட்டது, மறு கை தாராபுரம் ரோட்டில் எங்கேயோ இருக்கிறது, அந்தப் பக்கம் ஜான்சி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், ஷமீமா நீலப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து பார்க்கிறாள், நான் நிறுத்தவில்லை. அண்ணன் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார். பிறகு ஃபோனை ஆடாமல் பிடித்தபடி, பின்னால் இருந்த ஸ்டூலைக் காலால் ஒதுக்கி, ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.